கலைத்த ஊரின் பிள்ளை

ஊருக்குப் பேர் வைப்பது பிள்ளைக்குப் பேர் வைப்பதைவிடச் சுலபம் என்றுதான் பெய் ஷௌலின் நினைத்திருந்தார். பிள்ளைக்கு வைத்தால் மாமனார் வீட்டில் நாலு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஊருக்கு வைத்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

சீனாவில் குடியரசு வந்து மூன்றாவது வருஷம் பீஜிங்கிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாட்டில் ஒரே பேரில் இரண்டு மாவட்டம் இருக்கக் கூடாதாம். தெற்கே எங்கோ ஓர் ஆன்ஹெ இருக்கிறதாம், அதுதான் மூத்ததாம், ஆகவே வெய் ஆற்றுக்கு வடக்கே இருக்கிற இந்த ஆன்ஹெ தன் பேரை விட்டுக்கொடுக்க வேண்டுமாம். ஐந்நூறு வருஷம் ஆண்டு அனுபவித்த பேர். மாவட்ட அதிகாரி இந்த மண்ணில் கால் வைத்தே ஆறு மாசம் ஆகவில்லை. அவருக்கு எந்தப் பேர் போனால் என்ன, எந்தப் பேர் வந்தால் என்ன? ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்த பெய்யைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியாரே, பழைய பேர் ஏதாச்சும் கைவசம் இருக்கா? சின்னதா, அழகா, சண்டை சச்சரவு இல்லாததா சொல்லுங்க."

இதற்காகத்தானே மனுஷன் காத்துக் கிடந்தார்! எந்த வம்சத்தில் ஊருக்கு என்ன பேர், எந்த மண்டலத்தின் கீழ் இருந்தது, எப்போது பிரித்தார்கள், எப்போது சேர்த்தார்கள் என்கிற அத்தியாயம்தான் அவர் பொறுப்பு. மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஹான் காலத்தில் ஷாங்மூ, மேல் மேய்ச்சல். தாங் காலத்தில் லுச்சுவான், மான் ஓடை. தாங் முடிகிற சமயத்தில் கலகம், மாவட்டம் கலைப்பு. சோங், ஜின், யுவான் மூன்று வம்சத்திலும் பக்கத்து மாவட்டத்தின் வாலாகக் கிடந்தது. மிங் அரசர் வேறு மாகாணத்திலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றி ஆன்ஹெ என்று பேர் வைத்தார். சிங் அதையே வைத்துக்கொண்டது.

"லுச்சுவான் நல்லா இருக்கே," என்றார் அதிகாரி.

"அது மேற்கே ஒரு மாவட்டத்துக்கு இப்ப இருக்குங்க. மறுபடி தகராறு வரும். லுஷுய்னு வைக்கலாம். மான் ஆறு. பழைய பேரோட வாசனையும் இருக்கும்."

பீஜிங்கிலிருந்து சம்மதம் வந்த அன்று பெய் இரண்டு கிண்ணம் மது குடித்துவிட்டு மனைவி லான்யிங்கிடம் பீற்றிக்கொண்டார். "ஒரு மாவட்டத்துக்கே பேர் வச்சவன்டி உன் புருஷன்!"

"வீட்டுக் கூரை ஒழுகுது. அதுக்கும் ஒரு பேர் வச்சுட்டு வாங்க," என்றாள் அவள்.

பத்தாம் மாசம் கிழக்குக் கோட்டை வாசலுக்கு மேலே இருந்த பெயர்க்கல்லை இறக்கினார்கள். ஊரே தர்ப்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. பெய் தன் ஆறு வயது மகளை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். தௌயா என்பது அவள் செல்லப் பேர், முளைப்பயறு என்று அர்த்தம். பிறந்தபோது அவ்வளவு ஒல்லி. அப்பா வைத்த பேர் மேலே ஏறுவதை அவள் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆன்ஹெ கல் கயிற்றில் கீழே இறங்கியது. அதற்குப் பின்னால் வெறும் செங்கல் இருக்கும் என்று நினைத்தார்கள். இருந்தது இன்னொரு கல். கரிபிடித்து, ஓரம் உடைந்து, நடுவில் இரண்டு எழுத்து. லுச்சுவான்.

பெய்க்குத் தலைகால் புரியவில்லை. மிங் காலத்துக் கொத்தனார்கள் பழைய வாசல் கல்லையே பின்னால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்! ஆயிரம் வருஷத்துச் சாட்சி! தௌயாவின் கையை விட்டுவிட்டு ஏணிக்கு ஓடினார். கல்லைத் தடவிப் பார்த்து, கொத்தனாரை நாலு அதட்டு அதட்டிவிட்டு இறங்கி வந்தபோது, பிள்ளை வாசல் வளைவுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். வளைவின் இருட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையை நீட்டியபடி. அந்தக் கையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல விரல்கள் மடங்கியிருந்தன. கூப்பிட்டார், திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றிலிருந்து அவள் படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கண் திறந்தே இருந்தது. கஞ்சியை ஊட்டினால் கடைவாயில் வழிந்தது. வைத்தியர் நாடி பிடித்துவிட்டுத் தன் பையைக் கட்டிக்கொண்டார். "உடம்பு நல்லா இருக்கு. ஆள்தான் இல்ல. போய்க் கூப்பிடுங்க."

பயந்துபோன பிள்ளையின் உயிர் பயந்த இடத்திலேயே நின்றுவிடும், போய்க் கூப்பிட்டால் வரும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொழுது சாயும்போது பிள்ளையின் சட்டையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போக வேண்டும். மாவட்டம், தெரு, வீடு, செல்லப் பேர் எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லி வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டும். வாசற்படியில் ஒருவர் காத்திருந்து பிள்ளைக்குப் பதிலாக "வந்துட்டேன்" என்று சொன்னால் உயிர் உள்ளே வந்துவிடும். படித்தவர் என்று பேரெடுத்த பெய் இதையெல்லாம் கேலி பேசியவர்தான். பிள்ளை கண் மூடாமல் கிடக்கும்போது எந்தக் கேலி நிற்கும்? சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஆன்ஹெ மாவட்டம், கிழக்குத் தெரு, பெய் வீட்டு தௌயா, வீட்டுக்கு வா!"

லான்யிங் படியில் நின்று "வந்துட்டேன்" என்றாள். பிள்ளை அசையவில்லை. மறுநாளும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு க்வோ அக்கா டோஃபு விற்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தாள். "என்ன ஊர் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"ஆன்ஹென்னுதான்."

"அட பாவி மனுஷா!" க்வோ அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆன்ஹெ இப்ப எங்க இருக்கு? தெக்கே இல்ல இருக்கு! கல்லையும் இறக்கிட்டு, பேரையும் அவனுக்குக் குடுத்துட்டு, பிள்ளைய ஆன்ஹெக்கு வான்னு கூப்பிட்டா அது எங்க போகும்? முகம் தெரியாத ஊர்ல நின்னு அழுதுட்டு இருக்கும்!"

லான்யிங்கின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அன்று மாலை பெய் லுஷுய் என்று கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பேரை ஊர்க்காவல் சாமி கோயிலிலேயே இன்னும் எழுதி மாட்டவில்லை. சாமிக்கே தெரியாத பேரைப் பிள்ளை எப்படித் தெரிந்துகொள்வாள்? ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளை பயந்தபோது தலைக்கு மேலே எந்தப் பேர் இருந்தது? ஆன்ஹெ இறங்கிவிட்டது. லுஷுய் ஏறவில்லை. நடுவில் அந்தக் கொஞ்ச நேரம் வாசலுக்கு மேலே இருந்தது லுச்சுவான். அவள் நின்றது லுச்சுவானில்.

"வேணாங்க," என்றாள் க்வோ அக்கா. "அது யார் ஊரோ. கூப்பிட்டா அவங்க ஆளு வந்துடப் போகுது."

"அந்த ஊரோட கதை மொத்தமும் எனக்குத் தெரியும். நான் எழுதினது," என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டார்.

என்ன பெரிய கதை? கலகத்துக்குப் பிறகு லுச்சுவானைப் பற்றி அவர் எழுதியது இரண்டே சீன எழுத்து. மாவட்டம் ஓர் எழுத்து, கலைப்பு ஓர் எழுத்து. இவ்வளவு சுருக்கமாக யாருக்கு எழுத வரும் என்று தன்னையே மெச்சிக்கொண்ட இடம் அது.

வெளிச்சம் மங்கி, வளைவுக்கு உள்ளே இருட்டு கட்டியிருந்தது. பெய் சட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "லுச்சுவான் மாவட்டம், கிழக்குத் தெரு, பிள்ளை தௌயா, வீட்டுக்கு வா!"

"வந்துட்டேன்."

வீடு ஒரு தெரு தள்ளி இருக்கிறது. லான்யிங்கின் குரல் இங்கே வராது. இது அவர் இடுப்பு உயரத்திலிருந்து, பக்கத்திலேயே வந்தது. அதற்கும் பின்னால், கோட்டைக்கு வெளியே, நிறையப் பேர் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து மூச்சு இழுத்த மாதிரி ஒரு சத்தம். பெய் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தார். கையிலிருந்த பஞ்சுச் சட்டை ஈரம் ஏறியது போல வரவரக் கனத்தது.

படியில் லான்யிங் "வந்துட்டேன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு முன்னாடியே யாரோ சொன்னாங்க."

உள்ளே பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தாள்! தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினாள். தினைக் கஞ்சியைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். கிண்ணத்தை நக்கினாள். லான்யிங் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பெய்யும் வெட்கப்படாமல் அழுதார். க்வோ அக்கா ஒரு கட்டி டோஃபுவைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அவளுக்குப் பிடிக்குமே என்று லான்யிங் கையால் நூடுல்ஸ் இழுத்து, சிவக்க மிளகாய் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள். தௌயா மிளகாய்க்காக உயிரை விடுகிற பிள்ளை. அன்று கிண்ணத்தைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. மக்காச்சோள ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். சன்னல் காகிதத்தை, அடியில் நெருப்பு எரிகிற செங்கல் படுக்கையை, சின்ன வயசிலேயே இறுக்கிக் கட்டிக் குறுக்கிய லான்யிங்கின் பாதங்களை, எல்லாவற்றையும் வேற்று வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி பார்த்தாள். பிறகு முதல்முறையாக வாய் திறந்தாள்.

"கோட்டைக் கதவு திறந்தாயிற்றா?"

பேச்சு அந்த ஊர்ப் பேச்சுதான். ஆனால் சில சொற்களின் கடைசியைத் தொண்டையில் வெட்டி நிறுத்தினாள். பழைய பாட்டுகளில் எதுகை பொருந்த வேண்டுமானால் சொல்லை இப்படி வெட்டித்தான் படிக்க வேண்டும் என்று பெய் தன் வாத்தியாரிடம் படித்திருந்தார். யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவருடைய வாத்தியாரும் கேட்டதில்லை, வாத்தியாருக்கு வாத்தியாரும் கேட்டதில்லை.

லான்யிங் மெல்ல எழுந்து கணவனின் கையைப் பிடித்தாள். "இது என் பொண்ணு இல்ல."

பெய் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ யாரும்மா?"

"ஆஹுவான்."

"எந்த ஊர்?"

"லுச்சுவான்." இது கூடத் தெரியாதா என்பது போல அவரைப் பார்த்தாள். "படை வருகுதுன்னு முரசு அடிச்சாங்க. நான் ஓடைப் பக்கம் கீரை பறிச்சுட்டு இருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள கதவை மூடிட்டாங்க. அம்மா உள்ள. நான் வெளிய. நிறையப் பேர் வெளிய. யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு நின்னுட்டே இருந்தோம். நீங்கதான் கூப்பிட்டீங்க."

"நான் என் பொண்ணைக் கூப்பிட்டேன்."

"லுச்சுவான் பிள்ளைன்னுதானே கூப்பிட்டீங்க?"

லான்யிங் முன்னால் வந்து கேட்டாள். "என் பொண்ணு எங்கே?"

"அங்க. நான் நின்ன இடத்துல நிக்கிறா. கதவுக்கு வெளிய." பிள்ளை விரலால் சட்டை நுனியைச் சுருட்டினாள். "எந்தப் பேர் சொல்லி உள்ள வர்றதுன்னு அவளுக்குத் தெரியல. அழுறா."

பெய்க்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பயம் தாங்காமல் வருகிற கோபம். அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். "கேளு. லுச்சுவான்னு ஒரு ஊர் இல்ல. அதைக் கலைச்சாச்சு. ஆயிரம் வருஷம் ஆச்சு. நீ போகணும்."

பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "யார் கலைச்சது?"

"அரசாங்கம்."

"கலைச்சா நான் எப்படி இருக்கேன்?"

அது அவருடைய சொந்த மகளின் முகம். உதடு பிதுங்கி, மூக்கு சிவந்து, அழுகையை அடக்கும்போது தௌயா எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தது. பெய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இரண்டு எழுத்தை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷனைப் பார்த்தால் அப்போது யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

நாள் முழுக்க மூவரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் லான்யிங் அடுப்பை மூட்டினாள். மறுபடி நூடுல்ஸ் இழுத்தாள், மிளகாய்ப் பொடியின் மேல் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினாள். வீடே கமறியது. கிண்ணத்தை ஒரு கையிலும் தௌயாவின் சட்டையை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் போறேன்."

"எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவே?"

"ஆறு வயசுப் பிள்ளைக்கு ஏதுங்க மாவட்டம்?" லான்யிங் சீறினாள். "ஹானும் தாங்கும் உங்களுக்கு. அவளுக்குத் தெரிஞ்சது நானும் இந்தக் கிண்ணமும்தான். நீங்க படியில நின்னு பதில் சொல்லுங்க. அதுக்குள்ள இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க. துரத்தாதீங்க. துரத்தினா எங்க போகும்?"

அவள் போய்விட்டாள். பெய் வாசற்படியில் நின்றார். ஆஹுவான் பின்னாலேயே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன விரல்கள் வெளுக்கும் அளவுக்குப் பிடி. தெருக்கோடியிலிருந்து லான்யிங்கின் குரல் வந்தது. மாவட்டமும் இல்லை, தெருவும் இல்லை. "தௌயா! நூடுல்ஸ் ஆறுதுடி! அம்மா வந்திருக்கேன், வா!"

பிள்ளையின் உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. "அவ வர்றா," என்றாள் ஆஹுவான். "நான் எந்த ஊருக்குப் போவேன்?"

ஊர்ப் பேர்களையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்த மனுஷனுக்கு அந்த ஒரு கணம் எதுவும் ஞாபகம் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. அவரே வைத்த பேர். இன்னும் யாரும் பிறக்காத, யாரும் சாகாத, சாமிக்கே தெரியாத பேர். உள்ளே ஓடி, போன வருஷத்துச் சிவப்புச் சட்டையைப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வந்தார். தௌயாவுக்குச் சிறுத்துப்போய் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"லுஷுய் மாவட்டம்," என்றார். "கிழக்குத் தெரு, பெய் வீட்டு மூத்த பொண்ணு ஆஹுவான். வீட்டுக்கு வா."

நிலையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. பிள்ளை துவண்டு அவர் கால்மேல் சாய்ந்தாள். சிவப்புச் சட்டை மெல்லக் கனத்தது. லான்யிங் படி ஏறும் சத்தம் கேட்டதும் பெய் பதிலைச் சொன்னார். "வந்துட்டேன்." ஒரு முறை சொன்னார், உடனே இன்னொரு முறையும் சொன்னார்.

கால்மேல் கிடந்த பிள்ளை மூக்கைச் சுருக்கினாள். கண்ணைத் திறந்தாள். "அம்மா, மிளகாய் பத்தாது," என்றாள்.

பெய் பிள்ளையை அள்ளி எடுத்து மூச்சு முட்ட அணைத்துக்கொண்டார். அவள் உதைத்துத் திமிறி, கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். வெட்டி நிறுத்தாத, நீட்டி இழுக்கிற, அவளுடைய சொந்தப் பேச்சு. சிவப்புச் சட்டையைச் சுவரில் ஆணியில் மாட்டினார். ஆணி சற்று வளைந்தது. அதன் கீழே தினைக் கஞ்சி ஒரு கிண்ணம் வைத்தார். இதெல்லாம் செய்து முடித்த பிறகுதான் லான்யிங் இன்னும் உட்காரவில்லை என்பதைக் கவனித்தார். கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன?"

"நான் திரும்பிப் பார்க்கல," என்றாள் அவள் மெல்ல. "ஆனா எனக்குப் பின்னாடி அவ மட்டும் வரல. வாசலைத் திறந்துட்டாங்கன்னு பேசிக்கிட்டே வந்தாங்க. தெரு முழுக்க நிக்கிறாங்க."

வெளியே நாய் குரைக்கவில்லை. காற்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்தில், கதவுக்கு மிக அருகில், ஓர் ஆணின் குரல் கூச்சத்தோடு கேட்டது. சொல்லின் கடைசி தொண்டையில் வெட்டுப்பட்டு நின்றது.

"ஐயா, எங்களுக்கு எந்த வீடு?"

தௌயா நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். லான்யிங் பெருமூச்சு விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, வீட்டிலிருந்த துணியையெல்லாம் எடுத்துப் படுக்கையின் மேல் போட்டாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கணவனைக் கேட்டாள்.

"எத்தனை சட்டை தைக்கணும்? அந்த ஊர்ல மொத்தம் எத்தனை பேருங்க?"

பெய் வாயைத் திறந்தார். அவருடைய அத்தியாயத்தில் அது இல்லை.